குண்டுவின் சாப்பாடு

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் கூண்டிலிருந்து வீக், வீக் என்று சத்தம் வந்தது. வெள்ளரிக்காயை எடுக்கப் போன அவள் கை அப்படியே நின்றது. ஃபிரிட்ஜ் திறந்தால் தீனி வரும் என்று கினிப்பன்றிகள் சீக்கிரமே கண்டுகொள்ளும், கத்திக் கேட்க ஆரம்பித்தால் பழகிவிட்டது என்று அர்த்தம் என்று விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கினிப்பன்றி கூண்டில் இல்லை. துண்டில் சுற்றியபடி அவள் தோளில் கிடந்தது, மூச்சு விடுவதைத் தவிர வேறு எந்த வேலையும் பார்க்காமல்.

தெருவில் ஏதோ சைக்கிள் பிரேக் போட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பயப்படுவதற்கெல்லாம் அவளுக்கு நேரம் இல்லை. காலையிலிருந்து சலவைக்கடையில் ஆவி இஸ்திரியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், வீட்டில் இரண்டு வாய்கள் பூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்று குண்டு, அந்தப் பெயருக்கு நாளுக்கு நாள் பொருந்தாமல் போய்க்கொண்டிருந்த கினிப்பன்றி. இன்னொன்று மகள் சிட்டு. காய்ச்சல் விட்ட பிறகு அவளுக்குச் சாப்பாட்டைக் கண்டாலே ஆகவில்லை. இன்னும் இளைத்தால் மூக்கில் குழாய் போட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை உற்சாகமாக இருக்கட்டும் என்று குண்டுவை வாங்கி வந்தால், அவள் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டாள்.

"அது சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்."

"ஒரு தலைவலி போதாதுன்னு இன்னொண்ண வாங்கிட்டு வந்துட்ட," என்றார் கணவர். ராத்திரி வேலை பார்ப்பவர். பகலெல்லாம் தூங்கிவிட்டு, எழுந்ததும் சொல்ல இப்படி ஒன்று வைத்திருப்பார்.

அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. காய்ந்த புல் பரப்பினாள், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தாள், டிவியை ஊமையாக்கினாள். புது இடம், கண்ணைப் பார்த்தாலே மிரளும், கூண்டை மூடி, கையை மட்டும் உள்ளே விட்டு அசையாமல் காத்திருங்கள் என்று கடைக்காரர் சொன்னபடியே செய்தாள். மூடுவதற்கு, யாரும் வாங்க வராமல் சலவைக்கடையில் தேங்கிக் கிடந்த ஒரு பழுப்புக் கம்பளித் திரைச்சீலை கிடைத்தது. இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று முதலாளியே கொடுத்தார். எத்தனை முறை அலசினாலும் அதில் ஈரக் கம்பளி வாடை போகவில்லை.

திரையைத் தொங்கவிட்ட அன்றைக்கே பலன் தெரிந்தது. விளிம்புக்கு அடியில் கையை நீட்டினால், முதலில் எதுவும் நடக்காது, புல் சரசரக்கும், பிறகு மெதுவாக ஓர் இழுப்பு, விரலிடுக்கில் இருந்த கேரட் போய்விடும். வைத்ததில் ஒரு துணுக்குகூட மிஞ்சுவதில்லை. தன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்று அவளுக்கு ஒரே பெருமை. ஆனால் சமையலறைத் தராசில் வைத்தால் குண்டு முந்தின நாளைவிட இளைத்திருந்தது. தின்பதெல்லாம் எங்கே போகிறது என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"சாப்பிடுதுடி, நம்பு," என்று சிட்டுவிடம் கெஞ்சினாள்.

"நான் பாக்கலையே."

மறுநாள் காலையில் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, குண்டுவை ஒரு பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனாள். அந்த அம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. வந்ததுலேர்ந்து பட்டினியாத்தான் கெடந்திருக்கு."

"தினமும் என் கையால குடுக்குறேன் மேடம். வாங்கிச் சாப்பிடுது."

"நீங்க பாத்தீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? கைய உள்ள விடுவேன். என் விரல் ஒவ்வொண்ணா தடவிப் பாக்கும். அப்புறம் தீனிய புடிச்சு மெதுவா இழுக்கும்."

மருத்துவர் குண்டுவின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினார். தீக்குச்சி நீளம்கூட இல்லை. "இதுங்க வாயாலதாம்மா வாங்கும். இத வெச்சுக்கிட்டு எதையும் புடிக்காது."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அந்தத் தடவல் இன்னும் அவற்றில் இருந்தது. நகக்கண் வரைக்கும் வந்து நிதானமாகத் தடவிய தடவல்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தாள். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார்.

"சிட்டு எங்கங்க?"

"கூடத்துல. சாப்பிடுறா போல, மெல்லுற சத்தம் கேக்குது. இப்பவாவது நிம்மதியா தூங்க விடு."

"எழுந்து போய்ப் பாருங்க. அந்தக் கூண்டு..."

இணைப்பு போய்விட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தாள். மழை மூட்டத்தில் கூடம் இருண்டு கிடந்தது. படுக்கையறையிலிருந்து குறட்டை. ஈரக் கம்பளி வாடை வாசல் வரைக்கும் அடித்தது. பெட்டிக்குள் குண்டு நடுங்கியது.

சிட்டு கூண்டுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. விழுங்கினாள். எத்தனை நாளாகப் பார்க்க ஏங்கிய விழுங்கல் அது.

"சிட்டு. இங்க வா கண்ணு."

"சத்தம் போடாதம்மா." கிசுகிசுத்தாள். "மொதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு."

திரையின் விளிம்பு மேலே உயர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. கூண்டின் நீளத்தைத் தாண்டியும் வந்துகொண்டே இருந்தது. வெளுத்த விரல்கள். நடுவில் பொடிப்பொடியாக நறுக்கிய கேரட். குழந்தையின் முகத்துக்குச் சற்று முன்னால் நின்றது. அசையவில்லை. மிரட்டிவிடக் கூடாதே என்று காத்திருந்தது.

பெட்டியை மார்போடு அணைத்தபடி அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

சிட்டு கண்ணை மூடிக்கொண்டு, ஆசையாக வாயைத் திறந்தாள்.