வெளிப் பலகை, உள் பலகை

துடைத்தால் துணி நனையவில்லை. கையை வைத்தால் மட்டும் ஈரம் தெரிந்தது. ஹோலின் நடுவே, ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் நீளத்துக்குப் பலகை கறுத்துக் கிடந்தது. சுபோதினி துணியைப் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த இந்தத் தொடர்மாடி வீட்டை வாங்கியபோது அவள் அடம்பிடித்துக் கேட்டது மரத்தரை ஒன்றைத்தான். டைல்ஸ் போதும் என்று கணவன் ராகுலன் சொல்லிப் பார்த்தான். அவள் விடுவாளா? கொள்ளுப்பிட்டிக் கடைக்கு நடையாய் நடந்து, தேக்கையும் முதிரையையும் ஒதுக்கிவிட்டு, ஹோலுக்கு இந்தோனேசியாவின் சிவந்த மெர்பாவையும் பல்கனிக்கு பிரேசிலிலிருந்து வந்த ஈபேயையும் தேர்ந்தெடுத்தாள்.

"பல்கனிப் பலகைக்கு மழை, வெயில் ஒண்டும் செய்யாது மிஸ். உள்ளுக்குப் போடுறதுக்கு மட்டும் தண்ணி ஊத்த வேணாம், ஊறி எழும்பிடும்," என்று கடைப்பெண் டில்ஷானி சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ராகுலனின் தகப்பன் சவுந்தரநாயகம் ஊன்றுகோலோடு நடப்பவர். கோல் பட்டால் கீறல் விழும். "மாமா, நீங்கள் பல்கனியிலயே இருங்கோ. அது வெளிப் பலகை, ஒண்டும் ஆகாது," என்றாள். அவரும் "ஓம் பிள்ளை" என்று சாய்மனைக் கதிரையோடு வெளியே போய்விட்டார். தவழத் தொடங்கியிருந்த பேத்தி லக்சிகாவுக்கும் தூக்கம் அங்கேதான். அவர் நெஞ்சில் குப்புறப் படுத்தால்தான் கண்மூடுவாள்.

அவர் செத்தபோது உடலைப் பதப்படுத்திய பொரளை மலர்ச்சாலையிலிருந்து கிரியைக்காகப் பெட்டியில் கொண்டுவந்து, ஹோலின் நடுவே கிடத்தினார்கள். பெட்டி வாசலைத் தாண்டிய கையோடு ராகுலனின் பெரியம்மா மயிலம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தள்ளு பிள்ளை, வீடு கழுவ வேணும்."

"ஐயோ வேண்டாம் மாமி! தண்ணி பட்டால் பலகை எழும்பும். நான் துடைச்சு விடுறன்."

"பிரேதம் போன வீட்டைத் துடைக்கிறதோ? கழுவித்தான் செத்தவரை அனுப்ப வேணும்."

சுபோதினி வாளியைப் பிடுங்கிப் பல்கனியில் ஊற்றினாள். ஹோலை மெழுகு போட்டுத் துடைத்தாள். தரை பளபளத்தபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகவே இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது. அந்த இடம் மட்டும் காயவில்லை. குழந்தையும் சரியாகத் தூங்குவதில்லை. பல்கனிப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிணுங்குகிறது.

இன்று மத்தியானத்திலிருந்து மழை. கடல் எது வானம் எது என்று தெரியாதபடி பல்கனிக்கு அப்பால் எல்லாம் சாம்பலாகிக் கிடக்க, கீழே கடற்கரை ரயில் போன அதிர்வு சுவர் வழியாக ஏறி வந்து அடங்க, மெழுகு வாசத்துக்கு அடியிலிருந்து கற்பூரமும் வாடிய மாலையும் கலந்த செத்தவீட்டு வாசம் மெல்ல மெல்ல மேலே வந்தது. குழந்தையை அறைக்குள் பாயில் விட்டுவிட்டு ராகுலனுக்கு அழைத்தாள்.

"இஞ்சேருங்கோ, திரும்பவும் ஈரம். எனக்குப் பயமா இருக்கு."

"பைப் லீக் இல்லையெண்டு ஆள் வந்து பார்த்ததுதானே. மழைக் குளிருக்கு இருக்கும். வந்து பாக்கிறன்."

போனை வைத்தபோது டொக் என்றது.

பல்கனியில். ஈபேயின் சத்தம் அவளுக்குத் தெரியும். கல்லில் தட்டினாற்போலக் கணீரென்று இருக்கும். டொக். பிறகு இழுத்து வைக்கும் ஒரு பாதம். டொக். கண்ணாடிக்கு அப்பால் சாய்மனைக் கதிரை மழையில் நனைந்துகொண்டிருந்தது. ஆளில்லை. கதவும் பூட்டியிருந்தது.

சத்தம் மாறியது. மெத்தென்ற சத்தம். மெர்பாவ்.

உள்ளே.

பிள்ளைக்காகத்தான் வருகிறார் என்று அவளுக்குப் பட்டது.

"மாமா, கழுவி விடுறன். இப்பவே கழுவி விடுறன். பிள்ளையை விட்டிட்டுப் போங்கோ!"

குளியலறைக்கு ஓடினாள். பலகை எழும்பினால் எழும்பட்டும், பாழாய்ப் போகட்டும், பிள்ளை போதும். வாளியை நிரப்பி வந்து ஹோலின் நடுவே கவிழ்த்தாள்.

தண்ணீர் வாசல் பக்கம் ஓடவில்லை. எந்தப் பக்கமும் ஓடவில்லை. பலகை குடித்துவிட்டது.

இன்னொரு வாளி. அதையும் குடித்தது.

மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தவள் நின்றாள். கோல் சத்தம் இல்லை. சிணுங்கலும் இல்லை. அறையில் பாய் வெறுமையாகக் கிடந்தது.

ஹோலில் பலகை எழும்பியிருந்தது. டில்ஷானி சொன்னபடியே. நடுவில் மட்டும். ஒரு நெஞ்சின் அகலத்துக்கு.

அதன்மேல் லக்சிகா குப்புறப் படுத்திருந்தாள். கன்னம் பலகையில். நல்ல தூக்கம்.

அவளுக்குக் கீழே பலகை உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

தாழும்போதெல்லாம் குழந்தை முன்னைவிடக் கொஞ்சம் உள்ளே போனாள்.