பதினோராம் எண் மூடி

இப்போதெல்லாம் மனிதனை முகம் பார்த்து யாரும் எடைபோடுவதில்லை; எண்ணைப் பார்க்கிறார்கள். குழந்தைகள் வார்டில் ஒரே வாரத்தில் மூன்று பச்சைப்பிள்ளைகள் உடம்பெல்லாம் சீழ்கட்டிச் செத்ததும், ஆஸ்பத்திரி ஆட்கள் இருபது பேரையும் வரிசையில் நிறுத்தி, சிவப்புக் கூழ் உறைந்த ஆளுக்கொரு எண் போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் ஐந்து விரலையும் பதிக்கச் சொன்னாள் லேப் அம்மா.

"இதுல உப்பு ஜாஸ்தி, பெரியவரே. முக்கால்வாசிக் கிருமி பிழைக்காது. பிழைக்கிறதுலயும் கொல்றதுதான் கூழை மஞ்சளாக்கும். மஞ்சளானவங்க வார்டுப் பக்கமே போகக் கூடாது."

"உப்புல போட்ட மீனே கெடாது. கிருமி முளைக்குமாக்கும்," என்றார் தட்டு கழுவும் கிழவர்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவர் மகளுக்குப் பிறந்த பெண் அந்த வார்டில்தான் கிடந்தது. அன்று காலையில்தான் முதல்முறையாக அதைத் தூக்கியிருந்தார்.

மறுநாள் லேப்பைத் திறந்தவரும் அவர்தான். தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் பெட்டியின் கதவை இழுத்ததும், வழக்கமான வெந்த வாடைக்கு அடியிலிருந்து, திரிந்த பால் போல, காயாத துணி போல, பிள்ளையின் கழுத்து மடிப்பு போல ஒன்று ஊர்ந்து வந்து மூக்கில் தங்கியது. பத்தொன்பது தட்டு சிவப்பு. ஒன்று மஞ்சள். அதில் ஐந்து விரல். சுண்டுவிரல் கோணல், என்றோ கண்ணாடி வெட்டிய அவருடையதைப் போலவே.

மூடியில் பதினொன்று. அவர் எண்.

எண்ணை அடித்தட்டில்தான் எழுத வேண்டும். அவசரத்தில் லேப் அம்மா மூடியில் எழுதியிருந்தாள். வார்டில் பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாவின் தட்டு மூடியை எடுத்து இதில் போட்டார். இதன் மூடியை அதில்.

பத்து மணிக்கு ஆயாவை வெளியே அனுப்பினார்கள். "அண்ணே, கை கழுவாம ஒரு பிள்ளையத் தொட்டதில்ல. நீங்களாவது சொல்லுங்க," என்று நேரான விரல்களை நீட்டினாள். யாரும் விரலைப் பார்க்கவில்லை.

"தட்டு பொய் சொல்லுமா?" என்றார் கிழவர்.

வார்டில் மகள் அயர்ந்து தூங்கினாள். பேத்தியைத் தூக்கினார். கனமில்லை. அதே வாடை. துணியை விலக்கினார்.

முதுகில் கொப்புளம். மஞ்சள். இன்னொன்று. ஐந்து.

கடைசியது கோணல்.

கையை மேலே வைத்துப் பார்த்தார். பொருந்தியது. பிள்ளை அழவில்லை.

கீழே கிடத்திப் போர்த்தினார். "உப்புக்கு என்ன தெரியும்," என்று முனகியபடி நடந்தார். அடுத்த தொட்டிலில் ஒன்று சிணுங்கியது. நின்று, அதன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார்.