குன்றின் மேல் நீட்டிய கை

லியோனா மகளை அழைத்துக்கொண்டு குன்றேறி வந்து சேர்ந்தபோது, ஊர் மகளிர் சங்கத்துப் பெண்கள் பளிங்குச் சிலையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் இது நடக்கும். மழைத்தண்ணீர், மெல்லிய பிரஷ், பழைய மஸ்லின் துணி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இந்த ஊர்ப் பெண்கள் பட்ட பாட்டுக்காக வைத்த சிலை அது. முக்காடிட்ட ஒரு பெண், கீழே ஓடும் மிசிசிப்பி ஆற்றைப் பார்த்து நிற்பாள். வலது கை நெஞ்சில். இடது கை மட்டும் விரல்கள் விரிந்தபடி கீழ்நோக்கி நீண்டிருக்கும், ஒரு குழந்தையைக் கூப்பிடுவதுபோல.

குளிப்பாட்டி முடித்ததும், வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமியைப் பீடத்தில் ஏற்றி, அந்தக் கையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். இந்த வருஷம் அந்தப் பெருமை லியோனாவின் ஒரே மகள் ட்ரூடிக்குக் கிடைத்திருந்தது. ட்ரூடிக்கு ஆறு வயது.

"அடடா, அலபாமாக்காரி வந்துட்டா!" என்றாள் கார்னீலியா. லியோனாவின் கணவனுக்கு அத்தை, சங்கத்தின் தலைவி. "படமெல்லாம் எடுத்து முடிச்சப்புறம் வருவியோன்னு நெனச்சேன்."

"அதுக்குள்ள உங்க கேக்கை எல்லாரும் தின்னு தீர்த்துட்டா என்ன பண்றது அத்தை? அதான் ஓடி வந்தேன்."

அலபாமா மாநிலத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஏழு வருஷமாகியும் லியோனா இந்த ஊருக்கு இன்னும் அலபாமாக்காரிதான். மகள் இந்தப் பீடத்தில் ஏறிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

கார்னீலியா ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகளை எடுத்து ட்ரூடியின் கைகளில் மாட்டிவிட்டாள். "வெறுங்கையால தொடக் கூடாது, தெரிஞ்சுதா? வேர்வைக் கறை பட்டா பளிங்குல போகவே போகாது."

கையுறை இறுக்கமாக இருந்தது. வெயிலோ கொளுத்தியது. படம் எடுக்கும் பர்டெட் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "அசையாதே கண்ணு... கொஞ்சம் பொறு, மேகம் நகரட்டும்..." என்று இழுத்துக்கொண்டே போனார்.

"அரிக்குதும்மா," என்று ட்ரூடி சிணுங்கினாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அழுத முகத்தோடு படம் விழுந்தால் ஊர் சும்மா விடுமா?

கார்னீலியா விருந்துக்கு வைத்திருந்த பொரித்த கோழிப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, லியோனா கையுறைகளைக் கழற்றிப் புல்லில் போட்டாள். ஒரு படத்துக்குள் என்ன கறை பட்டுவிடப் போகிறது?

ட்ரூடி வெறும் கையால் பளிங்குக் கையைப் பிடித்தாள்.

சிணுங்கல் சட்டென்று நின்றது. பர்டெட் படத்தை எடுத்தார். "அருமை! இறங்கலாம்மா."

ட்ரூடி இறங்கவில்லை.

"அம்மா, இவங்க கை சுடுது."

"வெயில் பட்ட கல்லு, சுடத்தான் செய்யும். எறங்கி வா."

"விட மாட்டேங்கிறாங்க."

பெண்கள் சிரித்தார்கள். "படம் எடுத்ததும் ராணிக்கு எறங்க மனசில்ல!" என்றாள் ஒருத்தி.

லியோனாவும் சிரித்துக்கொண்டேதான் பீடத்தில் கால் வைத்தாள். அப்போது அந்த வாடை வந்தது. ஈர மண், விளக்குப் புகை, அதற்கும் அடியில் வெடிமருந்து. சுற்றிலும் வெயில் அடிக்க, அந்தப் பீடத்தின் மேல் மட்டும் மூடிக் கிடந்த நிலவறையின் காற்று.

அவள் சிலையின் கையைப் பார்த்தாள்.

விரிந்திருந்த விரல்கள் மடங்கியிருந்தன.

ட்ரூடியின் மணிக்கட்டைச் சுற்றி.

"உள்ள வரச் சொல்றாங்கம்மா," என்றாள் ட்ரூடி மெதுவாக. "குண்டு விழப்போகுதாம்."

பீடத்தின் ஓரத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்து எங்கோ உள்ளே விழும் சத்தம் கேட்டது. ட்ரூடி நின்ற பலகைக்கல் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது.

பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தது. கார்னீலியா புல்லில் கிடந்த கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிட்டியா?" என்றாள். "யாரைக் கேட்டுடீ கழட்டின?"

"கறைன்னுதானே அத்தை சொன்னீங்க!"

"ஊருக்கு அப்படித்தான் சொல்லுவோம்." கிழவி தட்டுத்தடுமாறிப் பக்கத்தில் வந்து அவள் காதில் கிசுகிசுத்தாள். "இந்தச் சிலை எங்க பெரியம்மா செலஸ்டா. போர்ல ஊரை முற்றுகை போட்டப்போ பீரங்கிக்குப் பயந்து எல்லாரும் இந்தக் குன்றுல குகை வெட்டித்தான் இருந்தாங்க. பெரியம்மாவோட குகை இதுக்கு நேர் கீழதான். ஒரு நாள் மண்ணு சரிஞ்சுது. பெரியம்மா மகளை இழுத்துக்கிட்டு வெளிய ஓடி வந்தா... கை வழுக்கிடுச்சு. பிள்ளை உள்ளயே போயிட்டா. சாகுற வரைக்கும் பெரியம்மா அந்தக் கையை மடக்கவே இல்ல. சிலை வச்ச முதல் வருஷம் ஒரு பொண்ணு வெறுங்கையால..."

கார்னீலியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

லியோனா மகளின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

பளிங்கு விரல்கள் இன்னும் இறுகின. ட்ரூடி வீறிட்டாள். கல் இன்னும் கீழே இறங்கியது. பர்டெட் ஓடி வந்து சிலையின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். "இந்த விரலெல்லாம் எப்பவும் மடங்கித்தானே இருந்துச்சு? குழந்தை எப்படி உள்ள கையை நுழைச்சா?" என்று உளறினார்.

லியோனா இன்னொரு முறை இழுத்தாள். இன்னும் இறுகியது.

இழுக்க இழுக்கத்தான் இறுகுகிறது என்பது அப்போதுதான் லியோனாவுக்கு உறைத்தது. மறுபடியும் வழுக்கிவிடுமோ என்ற பயம் அந்த விரல்களில் இருந்தது. எந்தத் தாயின் விரலிலும் அப்படித்தான் இருக்கும்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். பீடத்தில் மண்டியிட்டு, மகளை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையைப் பளிங்கு விரல்களின் மேல் வைத்தாள்.

கல்லுக்குள் நாடி துடித்தது.

"செலஸ்டா," என்றாள் மெதுவாக. "பிள்ளை வழுக்காது. நானும் பிடிச்சிருக்கேன், பாரு. குண்டெல்லாம் ஓய்ஞ்சு எவ்வளவோ காலமாச்சு. குகை வேண்டாம். வீட்டுக்குப் போயிடலாம்."

காற்று நின்றது.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள் மறுபடியும்.

ஒவ்வொரு விரலாக, விட மனமில்லாததுபோல, அந்தக் கை விரிந்தது.

லியோனா மகளை வாரி எடுத்துக்கொண்டு புல்லில் குதித்தாள். பின்னால் பலகைக்கல் இரண்டாகப் பிளந்து, கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. அதற்குள் எட்டிப் பார்க்க அவள் நிற்கவில்லை. கார்னீலியா என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள். லியோனா திரும்பவில்லை.

பாதித் தூரம் தூக்கியே வந்தாள். மூச்சு வாங்கியபோதுதான் மகளைக் கீழே இறக்கி, அவள் வலது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழந்தைக்கு அழுகை ஓய்ந்திருந்தது. ஆற்றிலிருந்து நல்ல காற்று வந்தது. வேலியோரம் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மாலை வெயில், தெரிந்த தெரு, தெரிந்த நாய்கள்.

"பசிக்குதாடா?"

"ம். அந்த கேக் கிடைக்கவே இல்ல."

லியோனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வீட்டுல நானே செஞ்சு தரேன்."

தெரு முனையில் நேற்றைய மழை குட்டையாகத் தேங்கியிருந்தது.

"பாத்து, தாண்டி வா," என்றாள் லியோனா.

ட்ரூடி கலகலவென்று சிரித்தாள். இரண்டு கால்களையும் ஒன்றாக மடக்கிக்கொண்டு ஊஞ்சல்போல முன்னால் ஆடினாள். உடல் ஒரு பக்கமும் சாயவில்லை. குட்டையின் மேல் நேராக, நிதானமாகத் தொங்கினாள். அவளுடைய இடது கை வெற்றுவெளியில் உயர்ந்து, எதையோ பிடித்திருந்தது.

லியோனாவின் கையில் பாதி எடைதான் இருந்தது.