ஆஷ்கோம்ப் பிரபுவின் துபாஷி

பொருநையாற்றின் மேல்கரையில் கதிரவன் சாய, கீழ்வானில் எழுந்த முழுமதி நெற்குன்றக் கோட்டையின் கரிய மதில்களுக்கு வெள்ளி முலாம் பூசத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரைப் பாசறையில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க, கர்னல் ஆஷ்கோம்ப் பிரபு தம் கூடாரவாசலில் தனியே அமர்ந்திருந்தார்.

வாசகர்களே, பெருங்குடியில் பிறந்த அந்தப் பிரபு லண்டன் பாராளுமன்றத்தில் இந்தப் போர் அநியாயம் என்று பேசியவர். அதன்பின் தந்தை அவர் முகத்தில் விழிக்கவில்லை. தம் படைப்பிரிவு கப்பலேறியபோது அவரும் வரவேண்டியதாயிற்று. பாசறை அதிகாரிகள் எவரும் அவரோடு உணவருந்துவதில்லை. பேச்சுத்துணை, இரு மொழியும் பெயர்த்துச் சொல்லும் துபாஷி அருளப்பன் ஒருவனே. தமிழை அவருக்குப் பழக்கியவனும் அவனே.

அப்போது கோட்டையிலிருந்து தப்பிய வீரன் ஒருவனைப் பிடித்து வந்தார்கள். துபாஷியைக் கண்டதும் அவன் தலை தாழ்ந்தது. கூப்ப எழுந்த கைகளைச் சட்டென்று இறக்கிக்கொண்டான். காவலர்கள் கவனிக்கவில்லை. அரண்மனையில் வளர்ந்த பிரபுவோ, அந்த வணக்கம் யாருக்கு உரியதென்று அறிந்தார். துபாஷியைத் தவிர எல்லோரையும் போகச் சொன்னார்.

"நீர் யார்?"

"நெற்குன்றம் பாளையக்காரரின் தம்பி, மருதப்பத் தேவன்."

மறுநாள் வைகறையில் கோட்டையின் தெற்கு வாசலைப் பீரங்கியால் தகர்ப்பதென்று முடிவானதை அன்று மருதப்பன் காதாரக் கேட்டிருந்தான். அவ்வாசலை ஒட்டிய களஞ்சியத்தில்தான் பெண்டுபிள்ளைகள் ஒதுங்கியிருந்தார்கள்.

"அவர்களை அப்புறப்படுத்திவிட்டுத் திரும்பி வந்து தங்கள் முன் நிற்கிறேன், பிரபுவே. இது என் வாக்கு."

"வரவேண்டாம். வந்தால் உம்மைத் தூக்கிலிடும் உத்தரவில் நான் கையெழுத்திட நேரும்."

பிரபு தாமே அவனைக் கடைசிக் காவலைக் கடந்து நாணற்புதர்வரை அழைத்துச் சென்றார். அங்கே நின்று கேட்டார்:

"இத்தனை மாதமும் என்னோடு பேசியதெல்லாம் வேடந்தானா?"

"பெயர் ஒன்றுதான் பொய்."

மருதப்பன் நீரில் இறங்கினான். நிலவொளியில் அவன் தலை சிறு புள்ளியாகி, மதிலின் நிழலில் கலந்து மறைந்தது.

பழி வேறெவர்மீதும் விழக்கூடாதென்று, பிரபு இடைவாளைக் கழற்றிக் கையில் ஏந்தியபடி சேனாபதியின் கூடாரத்தை நோக்கி நடந்தார். அங்கே சொல்லவேண்டியதை வழிநெடுக மனத்துக்குள் கோத்துக்கொண்டே போனவர், வாசலை அடைந்தபோதுதான் உணர்ந்தார்: அத்தனையும் தமிழில் இருந்தது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இக்கரையில் இனி அவருக்கு யாருமில்லை.