வரைபடத்தில் வராத ஊர்

குடையை விரித்தவள் அவள். இடி வாங்கியவன் அவன். நனைந்து போனது என்னவோ இருவருமில்லை... அவன் கையிலிருந்த வரைபடம்!

ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசற்படியில் கோடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பொத்தானை அழுத்தியதும் குடை 'படக்'கென்று விரிந்து, படியேறி வந்தவனின் நெஞ்சில் முட்டியது. அவன் இடுக்கியிருந்த நீண்ட அட்டைக் குழாய் நழுவி உருண்டு, தேங்கிய தண்ணீரில் சொகுசாகப் படுத்துக்கொண்டது.

"கண்ணு தெரியலையாங்க?"

"எனக்குத் தெரியுது. குடைக்குத்தான் தெரியல."

அவன் முறைக்க முயன்றான். முடியவில்லை. இமை நுனியில் மழைத்துளி தொங்க, கோபப்பட வேண்டிய நேரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற அவன் கண்கள்... 'இந்தக் கண்களோடு சண்டை போடுவது கஷ்டம்டி' என்று அவள் மனம் எச்சரித்தது.

இருவருமே கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள். அவள் பொருளாதாரம். எதற்கெடுத்தாலும் சுள்ளென்று கேள்வி கேட்பதால் வந்த வாரமே 'மிளகாய்' என்று பெயர் வாங்கியவள். அவன் வரைபடப் பிரிவு. காதில் பென்சிலும் சட்டைப் பையில் இரும்பு ஸ்கேலுமாகத் திரிவதால் அவனுக்கு 'ஸ்கேல்' என்றே பெயர். போனுக்கும் மின்சார வண்டிக்கும் பேட்டரி செய்ய வேண்டிய முக்கியக் கனிமங்களை எந்த மலையில் முதலில் தோண்டலாம் என்று வரிசைப்படுத்தி, கொள்கைக் குழுவுக்கு அறிக்கை கொடுப்பது நிறுவனத்தின் வேலை. அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. படம் போடுவது அவன் வேலை.

வரைபட அறையில் மின்விசிறிக்குக் கீழே ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு படத்தை உலர்த்தினார்கள்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்."

"நீங்க விடுங்க, நான் ஏன் இழுக்கப் போறேன்?"

சொல்லிக்கொண்டே குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆறு தெரிந்தது. ஆற்றின் வளைவு தெரிந்தது. வளைவுக்குத் தெற்கே அந்த மலை... மலையடியில் சுத்தமான வெள்ளை.

"இங்க ஒரு ஊர் இருக்கணுமே?"

"இல்லையே."

"இருக்குங்க. எங்க வீடு இருக்கு. எங்கப்பா மோட்டார் ரிப்பேர் கடை இருக்கு. எங்கம்மா ஊசி போடுற சுகாதார நிலையம் இருக்கு."

அவன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நூறு வீட்டுக்குக் குறைஞ்ச ஊரு இந்த அளவு மேப்ல வராதுங்க. அது விதி. தப்பில்ல."

"அப்போ நாங்க எந்த அளவுல வருவோம்?"

அவன் ஸ்கேலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அன்று மாலை அறிக்கையின் அட்டவணையைப் புரட்டியவள் ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். படத்தில் வெள்ளையாக இருந்த இடத்தையெல்லாம் பார்த்து யாரோ 'மக்கள் இல்லை' என்று நிரப்பியிருந்தார்கள். மக்கள் இல்லாத மலைக்கு மதிப்பெண் அதிகம். அதனால் அவள் ஊர் மலை, உள்ளேயிருக்கும் பேட்டரிக் கனிமமான கிராஃபைட்டோடு, வரிசையில் முதலிடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது!

மறுநாளே இயக்குநர் அறைக் கதவைத் தட்டினாள். வரைபட அறையிலிருந்து அவனையும் கூப்பிட்டனுப்பினார் இயக்குநர்.

"இதோ பாரும்மா," என்றார் அந்த அம்மாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. "அறிக்கை அச்சுக்குப் போயாச்சு. உங்க ஊருங்கிறதால உனக்கு வலிக்குது, புரியுது. ஒரு புள்ளிக்காக மொத்த வரிசையையும் கலைக்க முடியுமா?"

"புள்ளி இல்ல மேடம். ஊரு."

"கடைசி நாள் குழுவுக்கு முன்னாடி நீதான் படங்களை விளக்கப் போறே. நல்லபடியா முடிச்சா, மேல்படிப்புக்கு நானே பரிந்துரை தர்றேன்."

அவன் இடையில் புகுந்தான். "இல்ல அத்தை, அவங்க சொல்றதுல..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்? வாய் தவறி விழுந்தது விழுந்ததுதான்.

வராந்தாவில் அவன் பின்னாலேயே ஓடி வந்தான். "கொஞ்சம் நில்லுங்க..."

"அத்தை வீட்டுப் பிள்ளையா நீங்க? அதான் விதி, விதின்னு அத்தை பாட்டையே பாடினீங்களா?"

"சின்ன வயசுலேர்ந்து அவங்கதான் என்னை வளர்த்தாங்க. படிக்க வெக்கிறாங்க. அதுக்காக..."

"அதுக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம். நல்லாப் படிங்க!"

அதன்பின் பேச்சு அறுந்தது. அவன் டீ கொண்டு வந்து வைத்தால் அவள் மேசை மாறி உட்கார்ந்தாள். அவன் எதிரே வந்தால் படிக்கட்டு மாறினாள். கண்கள் மட்டும் பேச்சுக் கேட்கவில்லை... வரைபட அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்துத் தொலைத்தன.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடமிருந்து போன்.

"ஏன்டி, இங்க ஒரு பையன் வந்திருக்கான். வீடு வீடாப் போய் வாசல்ல நின்னு போன்ல ஏதோ குறிச்சுக்கிறான். பேரு கேட்டா ஸ்கேல்ங்கிறான். புத்தி சரியில்லாத பிள்ளையா?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். "அவனுக்கு அங்க என்ன வேலையாம்?"

"கேட்டேன். நீங்க இருக்கீங்கன்னு குறிச்சுக்க வந்தேன்ங்கிறான். நாங்க இருக்கிறது எங்களுக்குத் தெரியாதா? உங்கப்பா வேற, வெயில்ல திரியுற பிள்ளையைப் பிடிச்சு உட்கார வெச்சு மோட்டாரைக் கழட்டிக் காட்டிட்டிருக்கார். பாவம், தலையை ஆட்டிட்டே இருக்கான்."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் வீம்பு விடுமா? 'அளந்துட்டா ஆச்சா? அத்தைக்கு முன்னாடி வாய் திறக்கட்டும், பார்ப்போம்...'

கடைசி நாள். நீண்ட மேசையைச் சுற்றிக் கொள்கைக் குழுவினர். திரையருகே அவள். படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்தப் படம் வந்தது. ஆறு, வளைவு, மலை... வெள்ளை. இயக்குநர் அவளையே பார்த்தார்.

"இந்தப் படத்தை நான் விளக்க மாட்டேன்," என்றாள். அவளுக்கே ஆச்சரியம்தான். "இதுல மக்கள் இல்லைன்னு போட்டிருக்கு. நான் அந்த மக்கள்ல ஒருத்தி. பேட்டரி வேணும், கனிமம் வேணும்... நானும் போன் வெச்சிருக்கேன். வேணும்னா எங்க ஊருக்கு வந்து எங்களைக் கேளுங்க. ஒத்துக்கிறோமோ, சண்டை போடறோமோ, அது அப்புறம். ஆனா இல்லவே இல்லைன்னு எழுதாதீங்க!"

"நீ வெளியே போகலாம்," என்றார் இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு. "பரிந்துரையை மறந்துடு."

"மறந்தாச்சு மேடம்."

அப்போதுதான் பின் வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழுந்து வந்து, புதுத் தாளொன்றை மேசை நடுவே விரித்தான். மலையடியில் பென்சிலால் குட்டிக் குட்டிக் கட்டங்கள். தெரு, பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், மோட்டார் ரிப்பேர் கடை.

"வெள்ளையா விட்டது நான்தான்," என்றான். "மேப் விதிப்படி அது சரி. ஆனா வெள்ளைன்னா 'மேப்ல வரல'ன்னுதான் அர்த்தம். 'ஆள் இல்ல'ன்னு அர்த்தம் இல்ல. அட்டவணை அங்கதான் தப்பாப் போச்சு."

"உட்காரு!" என்றார் இயக்குநர்.

"இல்ல அத்தை." இந்த முறை வாய் தவறவில்லை. "நிக்கக் கத்துக் குடுத்தது நீங்கதானே?"

குழுத் தலைவர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அட்டவணையில் முதலிடத்திலிருந்த மலையை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். "வெள்ளையா இருக்கிற எல்லா இடத்துக்கும் நேர்ல போயிட்டு வாங்க. அதுக்கப்புறம் வரிசை போடலாம்."

வாசற்படியில் மறுபடி மழை. சான்றிதழும் இல்லை, பரிந்துரையும் இல்லை. கையில் ஒரு குடைதான். அதையும் விரிக்காமல் வாசல் கூரைக்கடியில் நின்றாள்.

"விரிக்கப் போறீங்களா? சொல்லிடுங்க, தள்ளி நிக்கிறேன்." பக்கத்தில் அவன்... கையில் அதே அட்டைக் குழாய்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்னாங்க. சாப்பாடு உண்டான்னு தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. நனைந்த படியையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னிக்கு உங்கம்மா கேட்டாங்க... எங்க பொண்ணுக்கு நீ யாருப்பான்னு."

"என்ன சொன்னீங்க?"

"ரொம்பச் சின்ன ஆளும்மா, அவங்க மேப்ல இன்னும் வரலன்னேன்."

அவள் அவன் காதிலிருந்த பென்சிலை உருவினாள். குழாயைப் பிடுங்கி, தாளை இழுத்து, அவன் முதுகையே மேசையாக்கி விரித்தாள். மலையடியில் தன் வீட்டுக் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வாசலில் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தாள்.

"என்ன பண்றீங்க? முதுகு கூசுது..."

"உன்னை வரையறேன், அசையாதே." எப்போது 'நீ' ஆனான் என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்குடா. நீ சொல்லட்டும்னு காத்திருந்து சொல்ற ஆள் நான் இல்ல. எங்கப்பா எதிர்த்தாலும் சரி, உங்க அத்தை முறைச்சாலும் சரி... இதை அழிக்க ரப்பர் கிடையாது."

திரும்ப முடியாமல் குனிந்தே நின்றவன் மெல்லக் கேட்டான். "புள்ளி எவ்ளோ பெருசு?"

"மிளகாய் விதை அளவு."

"போதும்," என்றான். "எனக்கு அது ஊரை விடப் பெருசு."

குடை 'படக்'கென்று விரிந்தது... இந்த முறை இருவருக்கும் மேலே.