றப்பர் மறைத்த சத்தம்

வேகம் கூடினால் சத்தமும் நெருங்கி வரவேண்டும். இது நெருங்கவில்லை.

அன்ரோனெற் காரின் டிக்கிக்குள் ஒருக்களித்துக் கிடந்தாள். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு மடக்கி, வலது காதை வெறுந்தகட்டில் அழுத்தி, சில்லு கழற்றும் ஸ்பானரைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, பெற்றோல் மணமும் கியர் எண்ணெய் மணமும் வெயிலில் வெந்த றப்பர் மணமும் ஒன்றாய்க் கலந்து தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த அந்த இருட்டுக்குள், அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். டொக். ஒரு மூச்சு விடும் நேரம். டொக் டொக். மணிக்கு நாற்பதில் போனபோதும் அதே கணக்கு. எண்பதில் போனபோதும் அதே கணக்கு. சுற்றுகிற எந்தச் சாமானும் அப்படிச் சத்தம் போடாது. சில்லோ, தண்டோ, கியர்ப் பல்லோ, எது பழுதானாலும் அதன் சத்தம் வேகத்தோடு சேர்ந்து ஓடும். இது ஆறுதலாக, தன் பாட்டுக்கு, பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிற ஆள் மாதிரித் தட்டிக்கொண்டிருந்தது.

டிக்கிக்குள் ஆள் படுப்பது, அவள் வேலை செய்கிற தாவூது நானாவின் கராஜ் வழக்கம். பின்பக்கச் சத்தத்தை முன் சீற்றில் இருந்து பிடிக்கேலாது என்பார் அவர். மூடியைக் கயிற்றால் நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டி, ஒருவர் உள்ளே கிடந்து கேட்க மற்றவர் ஓட்டவேண்டும். இன்று ஓட்டுவது நானா. பந்தயத்துக்கென்று வேகம் கூட்டிய காரின் புகைக்குழாய் போடும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்னுக்குக் கேட்காது. அதனால் தகட்டில் தட்டித்தான் கதை. ஒரு தட்டென்றால் இன்னும் ஓட்டு. இரண்டென்றால் அக்சிலேற்றரை விடு. மூன்றென்றால் நிறுத்து.

கார், பந்தயம் ஓடுகிற நௌபருடையது. போன கிழமை அதன் பின்பக்கத்துப் புஷ் எல்லாவற்றையும் அன்ரோனெற்தான் மாற்றினாள். இரும்பும் இரும்பும் நேரே முட்டாமல் நடுவில் இருக்கிற றப்பர் வளையங்கள். தேய்ந்து, வெடித்து, கையில் எடுத்தபோது கருவாட்டுத் துண்டு போல உதிர்ந்தன. பந்தயக் காருக்குத் தோதான கட்டிப் புஷ் போட்டாள். போட்ட அன்றே இந்தச் சத்தம் பிறந்தது.

"காரைத் தொங்கவிட்டபடி போல்ட் முறுக்கியிருப்பாய் புள்ள," என்றார் தாவூது நானா இன்று காலையில். "றப்பர் முறுகிப் போச்சு. வேற என்ன?"

"இல்லை நானா. சில்லை நிலத்தில ஊண்டி, முழுப் பாரமும் இறங்கின பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்கினனான்."

"அப்ப ஜின் வந்து முறுக்கினதோ?"

கராஜே சிரித்தது. வெல்டிங் செய்துகொண்டிருந்தவன் கண்ணாடியை உயர்த்திவிட்டுச் சிரித்தான். "பட்டம் பிடிச்ச கையெல்லோ நானா. ஸ்பானர் பிடிச்சா நோகும்."

பின்னேரம் அஸர் தொழுகை முடிய நௌபர் காரெடுக்க வருவான். அதற்குள் சத்தம் பிடிபடாவிட்டால் நாளை முதல் முன்மேசையில் இருந்து போன் எடு என்று நானா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பேசாலையில் அம்மா ஊராரின் மீனைக் கீறி, உப்பு அரித்த விரலோடு அவளைப் பட்டம் எடுக்கக் கம்பசுக்கு அனுப்பியது போன் எடுக்கவா? அந்தக் கோபம்தான் அவளை இரண்டு மணி வெயிலில் இந்தத் தகட்டுப் பெட்டிக்குள் படுக்க வைத்தது.

அவள் இரண்டு முறை தட்டினாள். நானா அக்சிலேற்றரை விட்டார். இரைச்சல் அடங்கியது, கார் தன் ஓட்டத்திலேயே உருண்டது. என்ஜின் இழுக்கவில்லை, கியர் பாரத்தில் இல்லை. இப்போது நிற்கவேண்டும்.

டொக். டொக் டொக்.

நிற்கவில்லை. இழுவை இல்லாதபோது இன்னும் துலக்கமாகக் கேட்டது. இடைவெளியால் பார்த்தாள். சிலாவத்துறையை விட்டு வந்து கனதூரம். கொண்டச்சிப் பக்கமாக நேரே போகிற றோட்டு, வெள்ளை வெயிலுக்குள் பின்னோக்கி உருகிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பற்றை. ஆளில்லை. மாடுகூட இல்லை.

இன்னும் ஓட்டச் சொல்லி ஒரு முறை தட்ட ஸ்பானரை ஓங்கினாள்.

டொக். டொக். டொக்.

மூன்று. தெளிவாக. அவளுடைய கை இன்னும் அந்தரத்தில் நின்றது.

கார் ஓரங்கட்டி நின்றது. கயிறு அவிழ்ந்து மூடி திறந்தது. வெளிச்சம் முகத்தில் அறைந்தது. தாவூது நானா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன, பிடிச்சிட்டியோ?"

"ஏன் நிப்பாட்டினீங்கள்?"

"நீதானே மூண்டு தட்டினாய்."

"நான் தட்டேல்ல நானா."

"வெயில் மண்டைக்குள்ள ஏறிட்டுது உனக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. சாவி அவருடைய கையில் இருந்தது. என்ஜின் நின்றிருந்தது. நாலு சில்லும் நின்றிருந்தன.

டொக். டொக் டொக்.

"சூடான இரும்பு ஆறேக்க அப்பிடித்தான் சத்தம் போடும்," என்றார் நானா, அவளைப் பார்க்காமல்.

"ஆறுற இரும்பு எண்ணித் தட்டாது."

அவள் இறங்கி, தாரில் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் ஜக்கை ஊன்றி, பின்பக்கத்தை உயர்த்தினாள். பயம் இருந்தது. அதைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. ஒவ்வொன்றாய் விலக்கு, மிஞ்சுகிறதுதான் காரணம் என்று கம்பசில் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள். பின் சில்லுகள் நிலத்தை விட்டு எழும்பியதும் தகட்டில் காதை வைத்தாள். அமைதி. சாக்கின்மேல் கட்டையை உதைத்து வைத்து முன்பக்கத்தையும் எழுப்பினாள். முழு அமைதி. இறக்கினாள். றயர் தாரைத் தொட்ட கணமே, தகட்டுக்குள், காதுக்குள், கடைவாய்ப் பல்லுக்குள்:

டொக். டொக் டொக்.

"நானா," என்றாள். பயத்தை மீறி அந்தக் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "இது கார் இல்லை. றோட்டு. கீழ இருந்து வருது. பழைய றப்பர் அதை இவ்வளவு நாளும் உறிஞ்சி மறைச்சு வைச்சிருக்கு. நான் போட்டது கட்டிப் புஷ். அது மறைக்கேல்ல. என்ர வேலையில பிழையில்லை."

தாவூது நானா பற்றைப் பக்கம் பார்த்தார். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து போய் இருபது வருசம் கழித்துத் திரும்பி வந்தவர். எந்தப் பற்றைக்குள் யாருடைய வீடு இருந்தது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறவர், இந்தப் பற்றையை விட்டுக் கண்ணைத் திருப்பி, காரின் கதவைத் திறந்தார்.

அவள் ஸ்பானரால் தாரில் ஒரு முறை தட்டினாள்.

காற்று விழுந்துவிட்டது. உப்பு மணத்தோடு வேறொரு மணம், கனகாலம் திறக்காத பெட்டியின் மணம், எங்கிருந்தோ வந்தது.

டொக்.

ஒன்றே ஒன்று. பதில்.

"ஏறு புள்ள," என்றார் நானா மெதுவாக. "போவம்."

"போய் நௌபருக்கு என்ன சொல்லுவீங்கள்? என்ர முறுக்குப் பிழையெண்டோ?"

"ஆர் பிழையெண்டு இப்ப ஆர் கேட்டது?"

"நான் கேட்டனான். காலமை எல்லாரும் பல்லுக் காட்டிச் சிரிக்கேக்க கேட்டனான். நீங்களே காதை வைச்சுக் கேளுங்கோ. கேட்டிட்டு, உன்ர வேலையில பிழையில்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. போவம்."

"உனக்கு விசர்."

"முன்மேசையில இருத்தினா உண்மையா விசர் வரும்."

அவர் துவாயைத் தலையிலிருந்து இழுத்தெடுத்தார். பிறகு வாய்க்குள் பிஸ்மி சொல்லி, முழங்கால் நோக இருந்து, தார் சுடுமென்று துவாயை நாலாய் மடித்துப் போட்டு, அதன்மேல் காதை வைத்துப் படுத்தார்.

"ஒண்டும் கேக்கேல்ல."

"துவாயை எடுங்கோ நானா. துணி மறைக்கும்."

"சுடும் புள்ள."

"ஒரு நிமிசம்தானே. எடுங்கோ."

எடுத்தார். வெறுங்கன்னம் தாரில் பட்டது. ஒரு கணம் முகம் சுளித்தது. பிறகு சுளிப்பு மறைந்தது. நெற்றிக் கோடுகள் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தன. நித்திரைக்குப் போகிற குழந்தையின் முகம் போல எல்லாம் தளர்ந்து, கண் மட்டும் அகலத் திறந்துகொண்டது.

"கேக்குதோ?"

"ஓம்," என்றார்.

"நான் சொன்னன்தானே."

"ஓம்." இன்னொரு முறை. பிறகு, கொஞ்சம் பொறுத்து: "ஓம். ரெண்டு பேர்தான்."

அன்ரோனெற் அவருடைய முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள்.

"நானா. ஆரோட கதைக்கிறீங்கள்?"

"பொம்பிளைப் பிள்ளை. ஓம். அவதான் திறந்துவிட்டது."

"நானா, எழும்புங்கோ. கேட்டது காணும்."

அவர் எழும்பவில்லை. வெயில் அவருடைய முதுகில் நின்று எரிந்தது. சேட்டில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தாரோடு ஒட்டிக் கிடந்த பாதி வாயால், அவருடைய குரலிலேயே, மிக அன்பாக, அவள் காலையிலிருந்து கேட்கக் காத்திருந்த வசனம் வந்தது.

"உன்ர வேலையில பிழையில்லை புள்ள."

அவள் பின்னுக்கு ஒரு அடி வைத்தாள்.

"நல்ல வேலை எண்டு சொல்லினம். இடையில மறைக்கிறதுக்கு இன்னும் ஏதும் மிச்சம் இருக்கோ எண்டு கேக்கினம்."

றோட்டு நீளத்துக்கும் ஆளில்லை. காரின் கதவு திறந்தபடி. சாவி அவருடைய மூடிய கைக்குள். விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. வெயிலில் கிடந்த கை. ஐஸ் வாடியில் கிடந்த மீன் மாதிரிக் குளிர்.

"தாவூது நானா!"

தோளைப் பிடித்து இழுத்தாள். கன்னம் வரவில்லை. தாரும் தோலும் ஒன்று. எது எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. காது இருந்த இடத்தில் காது இல்லை. கறுப்பு, பளபளப்பு, வழுவழுப்பு. திறந்த கண்ணில் ஒரு எறும்பு ஏறியது. கண் சிமிட்டவில்லை.

மூச்சு. மூச்சு இருக்கிறதா என்று முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

விலா எலும்புக்குள், அவளுடைய கைக்கு நேர் கீழே:

டொக்.

ஒரு மூச்சு விடும் நேரம்.

டொக் டொக்.

கையை இழுத்தாள். கை வரவில்லை.

தார் பக்கமாகக் கிடந்த வாய், நாக்கு அசையாமல், உதடு அசையாமல், மெல்ல மெல்ல அகலத் திறந்தது. உள்ளே பல்லில்லை. ஒரே கறுப்பு. வெகு ஆழத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, பலர், ஒருவரையொருவர் முந்தாமல், வரிசையாக மேலே ஏறி வருகிற சத்தம்.