எட்டுப் பேருக்கு ஒன்பது குரல்

வகுப்பில் எட்டுப் பேர்தான். "பண்ணியாச்சு!" என்று கத்தியதோ ஒன்பது குரல். கடைசிக் குரல் மற்றவர்களுக்கு அரை நொடி பிந்தி, தொண்டை காய்ந்த ஆள் பேசுவதுபோல, பயிற்சிப் பொம்மைகள் கிடந்த சுவர்ப் பக்கமிருந்து வந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். ரப்பர் வாடை, மருந்துத் துணியால் துடைத்த ஈர முகங்கள், வேறு யாருமில்லை.

நின்றுபோன இதயத்தை அழுத்தி ஓட்டுவது எப்படி என்று நர்ஸுகளுக்கும் தீயணைப்புக்காரர்களுக்கும் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறாள். முன்பு மூன்று மணி நேர வகுப்பு. ஒருவரைக் கைகாட்டி "ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க" என்பாள். அவர் போனை எடுத்து முகவரி சொல்லி முடித்தால்தான் அடுத்தது. இப்போது மேலிடம் கொடுப்பது ஒரே மணி நேரம். அதற்குள் எந்தக் கொம்பன் எல்லாவற்றையும் செய்துகாட்டுவான்? குறுக்குவழியை அவளே கண்டுபிடித்தாள். அவள் காற்றைக் கைகாட்டுவாள், எல்லோரும் "பண்ணியாச்சு" என்பார்கள், கையோடு சான்றிதழ். தப்பென்று தெரியும், ஆனாலும் கையெழுத்துப் போடுவாள்.

எட்டுப் பேரும் கிளம்பிப் போனபின் வீட்டுக்காரர் அழைத்துப்போக வந்தார். ஒரு மாடி ஏறியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது, நெற்றியெல்லாம் வேர்வை.

"டாக்டர்கிட்ட போங்க போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டீங்களா?"

"ஊரையே பொழைக்க வைக்கிற மகராசி பக்கத்துல இருக்கா, எனக்கென்ன கேடு?"

சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் நாற்காலியைத் தேடிய கை நழுவி, தடாலென்று விழுந்தார்.

"என்னங்க!" தோளை உலுக்கினாள். பதிலில்லை, மூச்சுமில்லை. அவள் கை தன்னால் நீண்டு காற்றைக் காட்டியது.

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க!"

"பண்ணியாச்சு," என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அப்பாடா, யாரோ இருக்கிறார்கள். நெஞ்சின் நடுவே உள்ளங்கையை ஊன்றி அழுத்தத் தொடங்கினாள், முப்பது அழுத்தல், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது, அவர் உதட்டில் இன்னும் காப்பி வாசம், மேலே மின்விசிறி கறக் கறக் என்று சுற்ற, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இதோ வந்துவிட்டார்கள் என்று காது நீண்டது. ஐந்து நிமிஷம். பத்து. படியில் காலடியே இல்லை.

"என்ன முகவரி சொன்னீங்க?" திரும்பாமலே கேட்டாள்.

அழுத்திக்கொண்டே தலையைத் திருப்பினாள், சுவரோரம் பொம்மைகள் மட்டும்.

அப்போதுதான் உறைத்தது. எட்டுப் பேரும் படியிறங்கிப் போனதை அவளே பார்த்தாள். யாரும் போன் பண்ணவில்லை. பண்ண அங்கே இருந்த ஒரே ஆள் அவள்தான், அவளும் பண்ணவில்லை. அடிப்பாவி.

போன் பைக்குள். பை அந்தக் கோடி மேஜையில். கையை எடுத்தால் ரத்தம் ஓடாது. எடுக்காவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள்.

எடுத்தாள். ஓடினாள்.

"சொல்லுங்கம்மா, என்ன அவசரம்?" மறுமுனையில் ஒரு பெண்.

"என் வீட்டுக்காரர்... மூச்சில்ல." முகவரியைச் சொன்னாள், அழுகையோடு.

"வண்டி கிளம்பிடுச்சும்மா. நெஞ்சை அழுத்திக்கிட்டே இருக்கணும். சரியாத்தான் பண்றாங்க."

"யாரு? இங்க நான் மட்டுந்தான்..."

"பக்கத்துல எண்ணுறாங்களேம்மா. எனக்கே கேக்குது."

அவளுக்கும் கேட்டது, தொண்டை காய்ந்த அதே குரல். பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது.

திரும்பினாள்.

அவர் பக்கத்தில் யாருமில்லை. நெஞ்சு அமுங்கியது. எழுந்தது. அமுங்கியது. வேகம் அவள் சொல்லித்தருகிற அதே வேகம். ஆழம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. எலும்பு முறிந்தது. இன்னொன்று. அவர் கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

முப்பது வந்தது. எண்ணுவது நிற்கவில்லை.